ஆருக்கு உவன்?

யாழ்ப்பாணத்தில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில், தோட்டக் கிணற்று மோட்டரைத் தானாகப் போட்டு நிறுத்தும் நிரலை எழுதியவன் நான். மோட்டரை இயக்கும் மின்பலகைகள் மூன்று வகை. மூன்றுக்கும் ஒரே கோப்புத்தான். இந்தப் பலகை என்றால் இந்த வரிகளைச் சேர், மற்றது என்றால் விடு என்று, நிரலை இயந்திரத்துக்கு விளங்கும்படி மாற்றும் கம்பைலருக்கு நிபந்தனைக்கு மேல் நிபந்தனை போட்டு, ஒரு வரியைக்கூட இரண்டாம் தரம் எழுதாமல் முடித்திருந்தேன். வாசிப்பவர்களுக்குத் தலை சுற்றும். பக்கத்து மேசைக்காரன் எதற்கெடுத்தாலும், "மச்சான், ஒருக்கா வந்து பாரன்" என்பான். அப்படிக் கூப்பிடுவது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

பலகைகளுக்குப் பெயரும் நான்தான் வைத்தேன். எனக்குக் கிட்ட, என் மேசையில் இருந்தது இவன். கிட்டவுமில்லாமல் தூரவுமில்லாமல் எதிர் மேசையில் இருந்தது உவன். தூரத்தில், உரும்பிராயில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் பூட்டியிருந்தது அவன்.

பிறகு உடுவிலிலிருந்து ஒரு பிள்ளை வேலைக்கு வந்து அந்த எதிர் மேசையில் இருந்தாள். தனக்கு முன்னால் கிடந்த பலகைதானே இவன் என்று, இவனுக்கான நிரலை அதில் ஏற்றிவிட்டாள். அந்தப் பலகைக்குக் கட்டளைகள் தலைகீழ். நிறுத்து என்றதும் மோட்டர் ஓடி, பரிசோதனைக்கு வைத்த வாளி நிரம்பி, நிலமெல்லாம் தண்ணீர்.

"அண்ணை, உவன் எண்டால் ஆருக்கு உவன்? உங்களுக்கோ எனக்கோ?" என்று கேட்டாள்.

அலுவலகமே சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டு, "பிள்ளை, நீங்களே உந்தக் கோப்பைப் பிரிச்சு எழுதுங்கோ" என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

பொதுவானதை ஒரு கோப்பிலும், ஒவ்வொரு பலகைக்கும் உரியதைத் தனித்தனிக் கோப்பிலும் வைத்தாள். எந்தப் பலகை என்ற நிபந்தனை ஓரிடத்தில் மட்டும். குற்றம் பிடிக்கவென்றே வரி வரியாக வாசித்தேன். அகப்பட்டது.

"ஒரே நாலு வரி எல்லாக் கோப்பிலையும் கிடக்குது, பிள்ளை."

"ஓம் அண்ணை, தெரிஞ்சுதான் விட்டனான். வாசிக்கிறவைக்கு அது சுகம்."

அவள் கோபமாவது பட்டிருக்கலாம். அதுவும் இல்லை. அவளுடைய நல்ல குணம் வேறு என்னைக் கடுப்பேற்றியது.

போன கிழமை, தொண்டைமானாற்று வேலைக்கென்று புதிய வகைப் பலகை ஒன்று வந்தது. அவள் அன்றைக்கு லீவு. வேலை பக்கத்து மேசைக்காரனிடம் போனது. இனி என்னிடம் வந்துதானே ஆகவேண்டும் என்று, வேறு எதையும் தொடாமல் இருந்தேன். மத்தியானம் எழும்பி வந்தான்.

"எல்லாம் முடிஞ்சுது மச்சான். அவளின்ரை கோப்பை வாசிக்கவே விளங்கிச்சு. உன்னைக் கரைச்சல்படுத்த வேண்டி வரேல்லை."

விடிந்ததிலிருந்து அந்தக் கரைச்சலுக்குத்தான் காத்திருந்தேன்.