கார் பொனற்றில் வைத்த கையெழுத்து

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசை ஒரு கந்தோர். பத்து வயதிலிருந்து அந்தக் கந்தோரின் பெரிய அதிகாரி நான்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரிலிருந்து வந்த தமிழ் அண்ணைமாரும் அக்காமாரும் வாரம் முழுக்கச் சேர்ந்த கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். விசாக் கடிதம், வேலைக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம், எல்லாம் டொச்சு மொழியில். “பிள்ளை, இதில என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு” என்பார்கள். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துவரை வாசித்துச் சொல்வேன். யாராவது வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்தால் வயதுகூடப் பார்க்காமல் ஏசுவேன். “என்ன அண்ணை, விளையாட்டே இது? இனி என்னட்டைக் காட்டாமல் ஒரு இடத்திலயும் கையெழுத்து வையாதேங்கோ!” அப்பா பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட நான் என்னுடைய சொந்தக் கடதாசி ஒன்றில் ஒரு வரிகூட வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். இருபத்திரண்டு வயதில், நல்ல சுயநினைவோடு. நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

நான் ஐஸ் ஹொக்கி விளையாடினேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பனித்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், அதோடு பிடித்த பைத்தியம். “பொம்பிளைப் பிள்ளை பொல்லெடுத்து அடிபடுறதோ, ஆர் உன்னைக் கட்டுவான்?” என்று அம்மா தொடக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிடுவதில் அவரே தேர்ச்சி பெற்றுவிட்டார். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் பெண்களின் முதல் பிரிவில், பக்கத்து ஊர்க் கழகம் ஒன்றுக்குத் தடுப்பாட்டக்காரியாக இருந்தேன். பகலில் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர் வேலை. ஆனால் என் மனதில் ஹொக்கிதான் தொழில், பல்லெல்லாம் பொழுதுபோக்கு.

தடுப்பாட்டக்காரர்கள் சோடியாகத்தான் தளத்தில் இறங்குவார்கள். ஆறு வருடமாக என் சோடி எங்கள் கப்டன். என்னைவிட ஆறு வயது மூத்த டொச்சுப் பெண். ஒவ்வொரு பயிற்சிக்கும் என் வீட்டு வாசலுக்குக் கார் கொண்டுவருவாள். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது அம்மா சுற்றிப் பொரித்துத் தந்த ரோல்ஸில் பாதி அவளுக்கு. என்னை யாராவது வேண்டுமென்று மோதி விழுத்தினால், அடுத்த நிமிடம் மோதியவளும் விழுந்து கிடப்பாள். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் இருப்பாள் என்று நம்பினேன். அவள் பேசியதெல்லாம் டொச்சுதான். ஆனால் என் நினைவில் அவள் எங்கள் வீட்டுத் தமிழில்தான் பேசுகிறாள், அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பருவத்தின் இறுதிச் சுற்றைப் பார்க்கத் தேசிய அணியின் பயிற்சியாளர் வருவதாக இருந்தது. எங்கள் கழகத்திலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரியை எடுப்பார்கள், ஒருத்தியை மட்டும். அவள் அல்லது நான். தேசிய அணியின் சட்டையை ஒரு தரமாவது போட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே இருக்கவில்லை. “உன்னைத்தான் எடுப்பினம், இருந்து பார்” என்று அவளே என் தோளில் தட்டிச் சொன்னாள்.

ஜனவரிக் கடைசியில் ஒரு பயிற்சி முடிந்து கார் நிற்குமிடத்துக்கு வந்தோம். என் தலைமயிர் ஈரம், குளிரில் பல் கிட்டுகிறது. கழகத்தின் கடிதப் போக்குவரத்து எல்லாம் அவள்தான் பார்த்தாள். ஒரு கடதாசியை எடுத்துக் காரின் முன்மூடியில், பொனற்றில், விரித்தாள்.

“இரண்டாம் பிரிவில ஒரு கழகத்தில ரெண்டு பேருக்குக் காயம். ரெண்டு சனி ஞாயிறு போய் உதவி செய்துபோட்டு வாறியே? இறுதிச் சுற்றுக்கு முதல் வந்திடலாம். இது அதுக்கான இரவல் பேப்பர்.”

“கோச் என்ன சொன்னவர்?”

“அவருக்கு உன்னை அனுப்ப விருப்பமில்லை, கொஞ்சம் கடுப்பு. நீ இப்ப அவரோடை கதையாதை, நான் பாத்துக்கொள்ளுறன்.”

குளிரில் பேனை எழுதவில்லை. அவள் அதை வாங்கி, வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கித் தந்தாள். நான் கையெழுத்து வைத்தேன். என்ன பாசம் பாருங்கள்!

அவள் சொன்னபடி பயிற்சிக்கும் அங்கேயே போய், இரண்டு வாரம் விளையாடிவிட்டு, திங்கட்கிழமை மாலை வழக்கம்போலப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பனித்தளத்துக்குப் போனேன். பயிற்சியாளர் என்னை விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “போறதெண்டால் நீயே என்னட்டை வந்து சொல்லியிருக்கலாம்” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தன் அறையிலிருந்து அந்தக் கடதாசியின் பிரதியை எடுத்து வந்தார். அன்றைக்குத்தான் வாசித்தேன். இரவலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் என் சொந்த விருப்பத்தில் கழகத்தை விட்டு முற்றாக விலகி மற்றக் கழகத்துக்கு மாறுகிறேன் என்று இருந்தது. மாறுவதற்கான காலம் ஜனவரியோடு முடிந்துவிட்டது. பருவம் முடியும்வரை திரும்பி வர ஏலாது. கூடுதலாக விளையாடச் சந்தர்ப்பம் தேடி நான் போவதாகக் கப்டன் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

“உன்ர கையெழுத்துத்தானே?”

“ஓம்.”

நடந்ததைச் சொன்னேன். “உன்ர சொல்லை மட்டும் வச்சு என்னால ஒண்டும் செய்ய ஏலாது. நடந்தது இதுதான் எண்டு அவள் எழுதித் தந்தால் ஹொக்கிச் சம்மேளனத்துக்கு அனுப்பலாம், அவை மாற்றத்தை ரத்துச் செய்வினம். வெள்ளிக்கிழமைக்கு முதல் வேணும்” என்றார்.

உடைமாற்றும் அறையில் அவள் மட்டையின் நுனிக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லுவாள், நான் கத்துவேன் என்று ஆயத்தமாகப் போனேன். அவள் பொய் சொல்லவில்லை.

“ஓம், நான்தான் செய்தனான். எனக்கு இருபத்தெட்டு. இது எனக்குக் கடைசித் தரம். உனக்கு இன்னும் எத்தினை வருஷம் கிடக்கு.”

“கேட்டிருக்கலாமே என்னட்டை!”

“கேட்டால் தந்திருப்பியோ?”

தந்திருக்க மாட்டேன். செத்தாலும் தந்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும்.

“நீ எல்லாருக்கும் வாசிச்சுச் சொல்லுறவள்தானே” என்றாள், குனிந்தபடி. “உன்ர கையிலதானே தந்தன். ஒரு வரி வாசிச்சிருந்தாலும் பறிச்சுக் கிழிச்சிருப்பன்.”

குற்றம் கடைசியில் என்னுடையது! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுடைய தலைக்கவசத்தை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அவள் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். எழுதித் தருகிறேன், நாளைக்கே தருகிறேன், என்னை மன்னி என்றாள். அவள் தோளில் சாய்ந்து நானும் அழுதேன். என் தலையில் இரண்டாம் முறையும் மிளகாய் அரைக்கிறாள் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவேயில்லை. மனம் இளகிப்போய், வீட்டுக்கும் அவள் காரிலேயே வந்தேன்.

செவ்வாய் போனது, புதன் போனது. வியாழன் தொலைபேசியில், “எழுதிக்கொண்டிருக்கிறன்” என்றாள். வெள்ளி பின்னேரம் பயிற்சியாளர் தொலைபேசி எடுத்தார். “எழுதுறதுக்குத் தன்னட்டை ஒண்டும் இல்லையாம்” என்றார்.

அப்பா வழக்குப் போடுவோம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். அம்மா என் கட்டிலில் வந்து இருந்து, “விடு பிள்ளை, கடவுள் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்” என்றார். “பாத்துக்கொண்டு மட்டும்தான் இருக்கிறார்” என்று அம்மாவிலும் எரிந்து விழுந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. பல் வைத்தியரிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இறுதிச் சுற்று தொடங்கியது. “உனக்கென்ன விசரே, அங்க போய் என்ன செய்யப்போறாய்?” என்று அம்மா மறித்தார். நான் போனேன். பார்வையாளர் வரிசையில் அவள் கண்ணுக்கு நேரே குந்தியிருந்து, அவளைக் கூனிக்குறுக வைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். என்னைப் பார்த்தால் அவளுக்கு மட்டை பிடிக்கக் கைவராது என்று நினைத்தேன்.

இரண்டு வரிசை கீழே தேசிய அணியின் பயிற்சியாளர் குறிப்புக் கொப்பியோடு இருந்தார். கப்டன் தளத்தில் இறங்கினாள். என் இடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி. இருவரும் ஒரு வட்டம் சுற்றி வந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள், என்னைக் கண்டாள். தலை குனியவில்லை, முகமும் மாறவில்லை. மட்டையை உயர்த்தி, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் எனக்குக் காட்டுவதுபோல ஆட்டினாள்.

என் கை தானாக எழுந்தது. நானும் அவளுக்குக் கையாட்டினேன்.

அன்றைக்கு அவள் அருமையாக விளையாடினாள். அவளைத்தான் எடுத்தார்கள். நான் அந்த இரண்டாம் பிரிவிலேயே மூன்று வருடம் விளையாடி, முழங்கால் போய், நிறுத்தினேன். தேசிய அணியிலிருந்து எனக்கு ஒருநாளும் அழைப்பு வரவில்லை. அவளை எப்போதாவது மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். கையாட்டினேனே, அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.