அக்கா வாங்கிய சிகரட் பெட்டி

காலை ஆறு இருபது. கதவு திறந்தே கிடந்தது. நான் முதலில் கண்டது, அக்கா தீக்குச்சியைக் கிழித்து அத்தானின் முகத்தருகே நீட்டிக்கொண்டு நின்றதை.

அத்தானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வெள்ளவத்தையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் அவர்களுடையது மூன்றாம் மாடி வீடு. அத்தான் பல்கனியில், விருந்தாளிகளுக்குப் போடும் கதிரையில் இருந்தார். வாயில் பற்றவைக்காத சிகரட். மடியில் அப்போதுதான் பிரித்த பெட்டி. செருப்பைக் கழற்றத் தோன்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அக்கா அந்த வீட்டுக்குள் சிகரட்டுக்கு இடம் கொடுத்ததில்லை. பத்துவதென்றால், அதாவது புகைப்பதென்றால், அத்தான் படி இறங்கித் தெருவுக்குப் போக வேண்டும், மழையென்றாலும். சந்திக் கடையில் தனிச் சிகரட் ஒன்று வாங்கி, அங்கே கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்து, முடித்து, வாய் கொப்பளித்துவிட்டு ஏறி வருவார். அக்கா வாயை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாள்.

முந்திய வாரம், அத்தானை இன்னொரு ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தபோது, டொக்டர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். நுரையீரலில் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சை தொடங்குமுன் சிகரட்டை விட வேண்டும். இனி விட்டு என்ன பயன் என்று அக்கா கேட்டாள்.

"சிகிச்சை நல்லா வேலை செய்யும். மூச்சு லேசாகும். மனசுக்கும் நல்லது. சிகரட் பதற்றத்தைக் குறைக்குது எண்டு ஆக்கள் நினைக்கினம். பாதிப் பதற்றம் அதாலைதான் வாறது."

அவருக்கு மட்டும் சொல்லிவிடாதேங்கோ என்று அக்கா கும்பிட்டாள். டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் அதற்குச் சளி என்று பெயர் வைத்தோம். எங்கள் குடும்பங்களில் அதுதான் வழக்கம். திரும்பி வரும்போது அக்கா என் காதுக்குள் சொன்னாள்: "இனி என்னத்துக்குத் தடுக்கிறது? ஆசைக்குப் பத்தட்டும், பாவம்." துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

குச்சி விரல்வரை எரிந்து வந்தது. அக்கா உதறினாள். அத்தான் சிகரட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"இஞ்சாரும், நான் சாகப்போறனோ?"

"விடியக் காலமை என்ன விசர்க் கதை? சளிதானே."

"சளிக்காரனுக்கு ஆரும் சிகரட் வாங்கிக் குடுக்கிறவையே? காய்ச்சலோடையும் என்னைக் கீழை கலைச்ச மனுசியெல்லோ நீர். இண்டைக்குக் கதிரையும் போட்டு, நெருப்பும் பிடிக்கிறீர்." சிரிக்கப் போனார், இருமல் வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் பேப்பரிலை எழுதுற ஆள். உம்மடை முகத்திலை தலைப்பே கிடக்கு. வாசியும்."

நான் சொன்னேன். நோயின் பெயரை, அது இருக்கும் இடத்தை, செய்யப்போகிற சிகிச்சையை. அக்கா பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன்.

"சிகரட்டைப் பற்றி டொக்டர் என்ன சொன்னவர்?"

"விடச் சொன்னவர், அத்தான்."

"ஆருக்குச் சொன்னவர்?"

"எனக்கும் அக்காவுக்கும்."

"நீர் பத்துறனீரோ? உம்மடை அக்கா பத்துறவவோ? பத்துறவனுக்கெல்லோ சொல்ல வேணும்."

கனடாவில் இருக்கும் அவர்களுடைய மகளுக்குக்கூட, அக்கா போனில் சொல்லி, அந்த ஆலோசனை தெரிந்திருந்தது. அதற்குரிய ஒரே ஆளுக்குத்தான் அதுவரை தெரியாது.

அவர் சிகரட்டைப் பெட்டிக்குள் திரும்பச் செருகிவிட்டு, உடுப்பு மாற்ற எழுந்தார். அன்றைக்கு டொக்டரிடம் தன் வாயாலேயே எல்லாவற்றையும் கேட்டார். சிகரட்டை விட உதவுகிற தாதி ஒருவரிடமும் அனுப்பினார்கள்.

முதல் வாரம் மோசம். நித்திரையில்லை. தேத்தண்ணிக் கோப்பை ஒன்று சுவரில் உடைந்தது. வாய்க்குள் எந்நேரமும் கராம்பு. பிறகு மெல்ல அடங்கினார். மாத முடிவில், அதே பல்கனியில், என்னிடம் சொன்னார்:

"முந்தி ஒண்டு முடியேக்கையே, அடுத்ததுக்கு என்ன சாட்டுச் சொல்லி இறங்கலாம் எண்டுதான் யோசினை. இப்ப அது இல்லை. பயம் இருக்கு. ஆனா ஒரு பயம்தான்."

அந்தப் பெட்டியை அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு சந்திக் கடையில் திருப்பிக் கொடுத்திருந்தாள். சிகரட்டைத் தனித்தனியாக விற்கிற கடை என்பதால் பிரித்த பெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். அத்தான் வாயில் வைத்து எடுத்ததும் அதற்குள்தான் இருந்தது. பின்னேரத்துக்குள் எல்லாம் விற்றுப்போயின.