நிறைத்து அனுப்பிய கூடை

காப்பாரிலிருந்து ரப்பர் ஏற்றி வந்த லோரிக்காரர்தான் செய்தி கொண்டுவந்தார். "அண்ணே, நம்ம டிரஸ்ஸர் போயிட்டாருண்ணே. கண்டல் காட்டோரமா செருப்பு மட்டும் கெடந்துச்சு." பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் மாசிலாமணி இனி இல்லை. அவரை அறிந்த உங்களுக்கு, அவர் எப்படிப் போனார் என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

மருந்து கட்டுவதில் அவர் ஆள் பார்த்ததில்லை. சாம்பல் தோலும் இமைக்காத கண்ணுமாக, கடல் வற்றும் நேரத்தில் மட்டும் கண்டல் காட்டுச் சேற்றிலிருந்து வெளியே வரும் கண்டலாரைக் கண்டால் நாங்களெல்லாம் ஒதுங்கிப் போவோம். அவரோ அவர்களுடைய பிள்ளை ஒன்றின் சீழ் பிடித்த காலை மடியில் வைத்துக் கட்டினார். "யாரு காலுன்னு புண்ணுக்குத் தெரியுமாய்யா?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

மறுநாள் அவர் வாசலில் ஓர் ஓலைக்கூடை நிறைய நண்டு இருந்தது. அவர் மனைவி பார்வதி, நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். வெறும் கூடையைத் திருப்பித் தரக் கூடாதென்று அரிசி நிரப்பிக் காட்டோரம் வைத்தார். அடுத்து தேன் வந்தது, வெல்லம் போயிற்று. பிறகு முத்துகள் வந்தன. பார்வதியின் கல்யாணப் பட்டு போயிற்று. "சம்பந்தி வீட்டுச் சீர் தோத்துது போங்க," என்று நான் கேலி செய்தேன். மாசிலாமணியும் சிரித்தார்.

கண்டலாரிடம் வாங்கியதைக் கூடையோடு வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்துக்கொண்டால் மனம் நிறைந்தது என்று பொருள். நிரம்பித் திரும்பும் கூடையோ, இதைவிடப் பெரியது வேண்டும் என்று கேட்கிறது. கேட்டவருக்கு இல்லை என்பது அவர்களிடம் பாவம். பெற்றவர் ஈடு தராமல் இருப்பது அதைவிடப் பாவம். கால் ஆறிய பிள்ளையின் தாயே வந்து இதை அரைகுறை மலாய் மொழியில் அவரிடம் சொன்னாள். அன்று அவள் கொண்டுவந்த கூடையில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

மாசிலாமணிக்கு இருப்பது ஒரே மகள், வள்ளி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்படி அவர் கெஞ்சியிருக்கிறார். "குடுத்தாச்சு," என்றாளாம் அந்தத் தாய், கோபமே இல்லாமல். "பௌர்ணமிப் பெருக்குக்குள்ள உன் கூடை வரணும்."

கடைசியாக என்னைப் பார்க்க வந்தபோது இதையெல்லாம் சொல்லிவிட்டு, சோற்றை நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார். "போலீசுல சொல்லுவோமா?" என்றேன்.

"அவங்க நல்லவங்க லா. அதான் பயமா இருக்கு," என்றார். கை கழுவும்போது, "ஈடு குடுன்னுதான் கேட்டாங்க. புள்ளையத்தான் குடுக்கணும்னு சொல்லல," என்றார்.

அந்தச் சாம்பல் நிறப் பிள்ளை இப்போது வள்ளியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. பார்வதி இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் ஊட்டுகிறார். துக்கம் கேட்கப் போன என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

நேற்றுக் காலை என் வாசலில் ஈரம் சொட்டும் ஓலைக்கூடை ஒன்று இருந்தது. ஓலை இடுக்கில் நண்டுகள் தெரிந்தன. மூடியைக் கட்டியிருந்த துணியில், மாசிலாமணி கட்டுப் போடும்போது போடுகிற அதே முடிச்சு. அவிழ்க்க மனம் வராமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

விஷயம் தெரியாத என் மனைவி நண்டை எடுத்துவிட்டுக் கூடையில் அரிசி அள்ளிப் போட்டாள். கூடை நிரம்பிப் போனால் பதிலுக்கு அவரே திரும்பி வரமாட்டாரா என்று எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. அப்புறம் தூளியில் தூங்கும் பேரனைப் பார்த்தேன். அரிசியைப் பானையிலேயே கொட்டினேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கூடைதான். அதை நான் திருப்பி அனுப்பப்போவதில்லை. உங்கள் வாசலுக்கும் ஒன்று வந்தால், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.