கேரவனை நிறுத்த ஓர் இடம்

என் கணவருக்கு வயிற்று டயாலிசிஸ் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாளைக்கு நான்கு முறை, வயிற்றில் பொருத்தியிருக்கும் மெல்லிய குழாய் வழியே பழைய திரவத்தை வடியவிட்டு, புதுப் பையில் இருப்பதை உள்ளே ஏற்ற வேண்டும். வளைகுடா நாட்டில், அல் குசைஸில் எங்கள் ஃப்ளாட், அவர் அரை நாள் வேலைக்குப் போய்வரும் கம்பெனி ஸ்டோர், மருத்துவமனை. இவற்றைத் தாண்டி அவர் எங்கும் போவதில்லை. இருபத்திரண்டு வருடம் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி வயரிங் செய்தவர், லிஃப்டில் கீழே போகக்கூட அலுத்துக்கொண்டார்.

நான் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். குளிர்கால விடுமுறை அறிவித்த அன்று, உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி கேரவனில் போய்த் தங்கியதைப் பற்றிச் சொன்னாள். உள்ளேயே கட்டில், கழிப்பறை, கை கழுவும் தொட்டி. நாம் இடத்தைச் சொன்னால் போதும், வாடகைக்கு விடுபவர்களே இழுத்துவந்து நிறுத்திவிடுவார்கள். அன்று மாலையே டயாலிசிஸ் நர்ஸுக்குப் போன் செய்தேன். கதவைச் சாத்திக்கொள்ள முடிந்து, கை கழுவ நல்ல தண்ணீரும் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் பை மாற்றலாம் என்றார்.

"எதுக்கு இந்த வீண் அலைச்சல்? எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார் என் கணவர்.

"உங்களுக்காக இல்ல. எனக்கு வேணும்" என்றேன். அது பாதி உண்மை.

நான்தான் கார் ஓட்டினேன். அவர் பக்கத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் பார்த்தது ஒரு கடற்கரை. வண்டிக்கு வண்டி ஜெனரேட்டர், ஆளுக்கொரு பாட்டு. இறங்காமலே திரும்பினோம். அடுத்த சனிக்கிழமை பாலைவனத்துக்குள் ஒரு கேம்ப். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கார் கதவைத் திறந்ததும் மடியெல்லாம் மணல். குழாயின் வாயில் ஒரு துளி அழுக்குப் பட்டாலும் வயிற்றுக்குள் கிருமி போய்விடும் என்று எங்களுக்குப் பாடமே நடத்தியிருந்தார்கள். "பாத்தாச்சுல்ல, வீட்டுக்குப் போவோம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

மூன்றாவது இடத்தைச் சொன்னது எங்கள் பள்ளி டிரைவர். ராஸ் அல் கைமா பக்கம், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. பேரீச்சந்தோட்டம், ஆடுகள், வாய்க்காலில் ஓடும் தண்ணீர். அங்கே இருப்பவர்கள் இந்த நாட்டு ஆட்கள், இன்னும் பழைய வழக்கப்படியே வாழ்கிறவர்கள், சத்தம் அவர்களுக்கு ஆகாது என்று எச்சரித்துத்தான் வழி சொன்னார்.

தோட்டத்துக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வேலியோரம் நின்று எங்களைப் பார்த்ததுமே கையை அசைத்தார்.

"கேம்பிங் மாஃபி. கலாஸ்."

கேம்பிங் கிடையாது, அவ்வளவுதான் என்கிறார் என்று புரிந்தது. அதற்கு மேல் எனக்கு அரபி வராது. அவருக்கு இந்தி நன்றாக வந்தது. போன வருடம் வந்தவர்கள் குப்பையை வாய்க்காலில் போட்டார்களாம். வீட்டுப் பெண்கள் ஆடு ஓட்டிப்போவதைப் படம் பிடித்தார்களாம். தலைக்கு மேலே ட்ரோன் விட்டார்களாம். அதன் பிறகு யாரையும் விடுவதில்லை.

"நாங்கள் ரெண்டே பேர்தான். படம் எடுக்க மாட்டோம், பாட்டு போட மாட்டோம்" என்றேன்.

"எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்."

நான் காருக்குப் போய்த் திரவப் பை ஒன்றை எடுத்துவந்து காட்டினேன். இவருக்கு என்ன நோய், கை கழுவத் தண்ணீரும் பையை வெதுவெதுப்பாக்க ஒரு கரண்ட் பாயிண்டும் ஏன் வேண்டும், எத்தனை இடம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கொட்டினேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மோட்டார் அறைப் பக்கம் கை காட்டினார். கரண்ட் வேண்டுமானால் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

அதுவரை காரில் இருந்த என் கணவர் அப்போதுதான் இறங்கிவந்தார். மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அர்பாப், இந்த போர்டைக் கட்டினது யாரு?" என்று இந்தியில் கேட்டார். இங்கே முதலாளியை அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன்?"

"எர்த் இல்ல. மூடியும் இல்ல. ஈரக் கையோட தொட்டா ஆள் காலி. இதுல நான் என் கேரவனை மாட்ட மாட்டேன். நீங்களும் மோட்டார் போடாதீங்க."

என் கேரவன் என்று அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. தோட்டத்துக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வேலைக்காரரைக் கூப்பிட்டு, இவர் சொல்லும் சாமானையெல்லாம் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது வேலைக்காரர் சாமான்களோடு காத்திருந்தார். என் கணவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, எந்த வயரை எங்கே மாட்ட வேண்டும் என்று சொல்லச் சொல்ல அவர் செய்தார். நடுவில் ஒருமுறை என் கணவர் காரில் இருபது நிமிடம் படுத்து எழுந்தார். மத்தியானப் பைக்கு நேரமாகிவிட்டது என்று நான் கத்திய பிறகுதான் கிளம்பினார். வழியில் சண்டை போட்டோம். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு போட்ட சரியான சண்டை அது.

விடுமுறையில் கேரவன் வந்தது. தோட்டத்துக்காரரே முன்னால் நடந்து, மரங்கள் காற்றைத் தடுக்கும் மூலையைக் காட்டினார். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து, தரை மட்டமாக நிற்கிறதா என்று என் கணவர் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துப் பார்த்தார். ஜன்னல்களைச் சாத்தி, முகக்கவசம் கட்டி, கை கழுவி, முதல் பையை மாற்றினோம். வடிந்து வந்த திரவம் தெளிவாக இருந்தது. பயந்தது நான்தான்.

சாயங்காலம் தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்து காவா என்ற அரபிக் காப்பியும் பேரீச்சையும் வந்தன. என் கணவருக்குத் தண்ணீரும் அளவு, பேரீச்சையும் அளவு. ஒரு பழம் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தை ஆட்டிக் காட்டினார். தோட்டத்துக்காரர் வற்புறுத்தவில்லை. மறுநாள் அவர் மனைவி என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு, பிறந்து இரண்டு நாளான ஆட்டுக்குட்டியை மடியில் வைத்தார். எங்களுக்குள் பொதுவான வார்த்தைகள் பத்துகூட இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். கடைசி நாள் காற்று கிளம்பி, கேரவனைவிட்டு இறங்கவே முடியவில்லை. என் கணவர் காலில் கொஞ்சம் நீர் கோத்திருந்தது. வீடு திரும்பியதும் மருத்துவமனைக்குப் போய்ப் பைகளின் அளவை மாற்றிக்கொண்டு வந்தோம்.

கோடை வெயில் ஏறுவதற்குள் இன்னும் இரண்டு முறை அங்கே போய்விட்டோம். இரண்டு முறையும் அந்த மனிதருக்குப் போன் போட்டுக் கேட்டது என் கணவர்தான்.