அக்காவும் நானும் போட்ட கம்பி வேலி

போன மாதம் கூரைக்கு ஆணி வாங்கலாம் என்று கொடகவெல டவுனுக்குப் போனேன். ஹாட்வெயார் கடை முதலாளி எங்களுக்குப் பல வருடப் பழக்கம், பேச்சுப் பிரியமான முஸ்லிம் மனிதர். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சாமானை எடுத்து மேசையில் வைத்தார். சுண்டுவிரல் அளவுகூட இல்லை, இரண்டு பக்கமும் துவாரம். வேலிக்கம்பி அறுந்தால் ஒரு முனையை இந்தப் பக்கமும் மறு முனையை அந்தப் பக்கமும் செருகினால் போதுமாம். உள்ளே போனது திரும்பி வராது, இழுக்க இழுக்க இறுகும் என்றார். முறுக்க வேண்டாம், குறடு வேண்டாம்.

"அந்த நேரம் இது இருந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டீங்க தங்கச்சி," என்றார்.

நான் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டைப் படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆணியை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி நெடுக அக்காவின் நினைப்புதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுத்த காம்பராக்காரி. எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்துதான் கிடக்கும். அதனால் அவள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் வெறும் சோறே இறங்கும். நான் இருமினால் அந்தப் பக்கம் கொத்தமல்லி கொதிக்கத் தொடங்கிவிடும். அவள் கணவர் இறந்துவிட்டார், மகளைக் கட்டிக் கொடுத்தது வத்தளையில். என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை, தீபாவளிக்கும் சித்திரைக்கும்தான் வருவார். அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போவாள். நான் பிள்ளைக்காம்பராவில் மலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். அந்தி சாய்ந்து இருவரும் வீடு வந்தால் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தபடியே பேசிக்கொண்டு சமைப்போம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே ஊர் வம்பெல்லாம் பேசி முடித்துவிடுவோம்.

பிறகு லயத்துக்காரருக்கென்று கட்டித் தந்த தனி வீடு வந்தது. ஏழு பேர்ச் காணியில் புது வீடு. பக்கத்துப் பக்கத்து வீடாகவே தர வேண்டும் என்று நான் போட்ட சத்தத்தில் தோட்டத்து ஆபீஸே ஆடிப்போனது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், இல்லையென்று சொல்லமாட்டேன். கடைசியில் ரோட்டை ஒட்டிய வீடு எனக்கு, அதற்கு மேலே சரிவில் இருந்தது அக்காவுக்கு.

சாவியை வாங்கிய அன்று அக்கா காணியின் நான்கு மூலைக்கும் நடந்து போய்ப் பார்த்தாள். மண்ணைக் கிள்ளி மோந்துகூடப் பார்த்தாள். பரம்பரை பரம்பரையாகத் தோட்டத்து மண்ணில் நின்றவர்கள் நாங்கள். காலுக்குக் கீழே இருப்பது நம்முடையது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அன்றைக்கு வந்தது. சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நான் போஞ்சி நட்டேன். அக்கா இரண்டு ஆடு வாங்கினாள். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஆடு தின்றது போக எனக்கு மிஞ்சியது நட்ட குச்சிதான். எனக்கும் கோபம் வந்தது, ஆனால் சண்டை பிடிக்கவில்லை. வேலி போடுவோம் என்று முதலில் சொன்னது அக்காதான். காணி என்று ஒன்று இருந்தால் வேலி இருக்க வேண்டாமா என்றாள். எனக்கும் அந்தப் பேச்சு இனித்தது. லயத்துக்காரருக்கு ஏது வேலி? கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடுவதுபோல ஒரு சந்தோஷத்தோடுதான் வேலையைத் தொடங்கினோம்.

கிளிசிரியா மரத்துக் கம்பு வெட்டி நட்டோம். ஈர மண்ணில் அது தானாகத் துளிர்த்துக்கொள்ளும். கம்பிக்குத்தான் வில்லங்கம். அக்காவின் கணவர் ஆட்டுப்பட்டி கட்டுவதற்கென்று எப்போதோ வாங்கி வைத்த பழைய கம்பிச்சுருள் ஒன்று இருந்தது. தடித்த கம்பி, வளைத்தால் உதறி நிமிரும். அது பாதித் தூரத்துக்குத்தான் வந்தது. மீதிக்கு நான் கொடகவெலயில் புதிதாக வாங்கினேன். அது மெல்லியது, சொன்னபடி வளையும். இந்த இரண்டையும் நடுவில் எப்படி மூட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் முதல் தகராறு.

கடை முதலாளி அப்போது அலுமினியக் குழல் ஒன்றைக் காட்டியிருந்தார். இரண்டு முனையையும் அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டவிட்டு அதற்கென்று இருக்கும் இடுக்கியால் நசுக்க வேண்டும். இரண்டும் ஒரே தடிப்புக் கம்பியாக இருந்தால்தான் அது சரிவரும், ஒன்று தடித்து ஒன்று மெலிந்திருந்தால் மெலிந்தது வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றும் அவரே சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது முறுக்கு மூட்டுத்தான். ஒரு முனையை மற்றதன் மேல் நெருக்கமாகச் சுற்றி, அதையே மறுபக்கமும் செய்ய வேண்டும். புதுக்கம்பியில் அது அழகாக வந்தது. பழைய கம்பி படியவில்லை. நான் விடாமல் குறட்டால் கடித்து முறுக்கினேன், கடித்த இடத்திலேயே டக்கென்று முறிந்தது. இரத்தினபுரிப் பக்கத்து மழைக்கு, பூச்சுப் போன கம்பி முறியாவிட்டாலும் துருப்பிடித்தே செத்துப்போகும்.

அக்கா வேறு வழி வைத்திருந்தாள். கொழுந்துக் கூடைக்குக் கயிறு போடுவதைப் போலக் கம்பியில் முடிச்சுப் போட்டாள். தலையில் மாட்டும் கயிறு பாரம் ஏற ஏற இறுகுமே, அதே முடிச்சு. கயிறு கேட்கும், கம்பி கேட்குமா? முடிச்சு பெரிய மோதிரம்போல விரிந்து நின்றது. நான் சிரித்தேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் இரவு ரொட்டி சுட்டு அனுப்பினாள்.

கடைசியில் பழைய கம்பியில் ஒரு கண்ணி, புதுக்கம்பியில் ஒரு கண்ணி, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டி வாலை அதன் மேலேயே சுற்றிவிடுவது என்று முடிவானது. தடித்ததும் மெலிந்ததும் சேர அதுதான் தோது. கண்ணி தூணில் உரசாமல் இரண்டு கம்புக்கும் நடுவில் வரவேண்டும் என்றாள் அக்கா. அதில் அவள் சொன்னதுதான் சரி. இழுவைக்கு அவளுடைய கூடைக்கயிற்றையே பயன்படுத்தினோம். இரண்டு கம்பியையும் கயிற்றால் கட்டி நெருக்கி, பாரத்தைக் கயிறு தாங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணியைச் சுற்றினோம். அவள் அவள் பக்கத்தில் நின்றாள், நான் என் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு வரிசையாக ஏறி வந்தோம். கயிற்றை அவிழ்த்ததும் கம்பி டங்கென்று நிமிர்ந்து நின்றது. விரலால் தட்டினால் பாடும். அவ்வளவு இறுக்கம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமையில்தான்.

வேலையை முடித்துவிட்டு முகம் கழுவலாம் என்று குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் உறைத்தது. பீலி அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்தது. மலைத் தண்ணீர் வந்து விழும் அந்த ஒரு குழாய்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும். அக்கா ரோட்டுக்கு இறங்குவதோ என் முற்றத்தால். லயத்தில் பீலியும் வழியும் எல்லாருக்கும் பொது. வேலி போட்டால் அவை நின்றுவிடும் என்று நினைக்கிற மூளை எங்கள் யாருக்கும் இல்லை. இரண்டு பேரும் அவரவர் பக்கம் நின்றபடி, ஆள் நுழைய ஓர் இடைவெளிகூட விடாமல், மூலைக்கு மூலை அடைத்து வைத்திருந்தோம்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். சுற்றிப் போனால் போகிறது என்றோம். இவ்வளவு அழகாக இழுத்த கம்பியை வெட்ட யாருக்கு மனம் வரும்?

சுற்றுவழி லேசானது அல்ல. நான் கோயில் பக்கமாக ஏறித் தேயிலைக்கு நடுவே வடிகானோரம் நடந்து பீலிக்குப் போகவேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் கால் வைத்தால் அட்டை. அக்கா ரோட்டுக்கு வருவதற்கு அதே பாதையில் கீழே இறங்க வேண்டும். முதலில் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசினோம். பிறகு என் போஞ்சி, ஆட்டு வாய் படாத தைரியத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கியது. கொஞ்ச நாளில் வேலி முழுக்கப் பச்சை. அந்தப் பக்கம் நிற்பது அக்காவா ஆடா என்றே தெரியாது. காய் மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பறித்து அனுப்ப ஆள் தேடவேண்டியிருந்தது. நான் பீலிக்குப் போகும் நேரம் அவள் மலையில் இருப்பாள். அவள் வரும் நேரம் இருட்டிவிடும். புது வீட்டுச் சுவர் கூரை வரை கட்டியிருந்தது. சமைக்கும்போது யாரிடமாவது பேசலாம் என்று வாய் திறந்து, பிறகு மூடிக்கொள்வேன். அவளுக்குத் தனி வீட்டுப் பெருமை வந்துவிட்டது, என்னைத் தேடமாட்டாள் என்று எனக்குள் ஒரு கறுவல் வேறு. தேடி நான் போயிருக்கலாமே என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அட்டையைக் காரணம் சொல்லியிருப்பேன்.

ஒருநாள் பிள்ளைக்காம்பராவுக்குக் குழந்தையை விட வந்த ஒருத்தி, அக்கா மூன்றாம் நாளாகப் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்கு வரவில்லை, காய்ச்சலாம், பேர் வைக்கிறபோது கங்காணி தேடினாராம் என்று போகிற போக்கில் சொன்னாள். உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. அவள் தும்மினால் இங்கே எனக்குத் தெரிந்த காலம் இருந்தது. கையில் இருந்த குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

பிள்ளைகளை எல்லாம் தாய்மார் கூட்டிக்கொண்டு போனதும் நேரே வீட்டுக்கு வந்து குறட்டை எடுத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வேலியில் புதுக்கம்பி ஓடும் பக்கம் போஞ்சிக் கொடியைப் பிய்த்து எறிந்தேன். காய்த்திருந்த கொடிதான். பிய்க்கப் பிய்க்க எனக்கு ஆத்திரம் ஏறியது, யார் மேல் என்று தெரியாமல். கம்பி தெரிந்ததும் குறட்டை வைத்தேன். வைத்த பிறகுதான் பயம் வந்தது. அவ்வளவு இறுக்கமாக நிற்கும் கம்பியை ஒரு ஆள் வெட்டினால் முனை சாட்டைபோலத் திரும்பி முகத்தைக் கிழித்துவிடும். குறட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கூப்பிட வாயும் வரவில்லை.

அந்தப் பக்கம் கொடி அசைந்தது. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அக்கா நின்றாள். முகம் வெளிறிக் கண் உள்ளே போயிருந்தது. என் கையில் குறட்டைப் பார்த்தாள். உள்ளே போய்க் கூடைக்கயிற்றை எடுத்து வந்து, நான் வெட்டப்போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியில் கட்டி நெருக்கினாள். காய்ச்சல்காரிக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியவில்லை. கயிற்றின் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நா புடிச்சிருக்கேன். நீ வெட்டு புள்ள."

வெட்டினேன். கம்பி ஒரு உதறு உதறிக் கயிற்றில் நின்றது. அடுத்த வரிசை, அதற்கடுத்தது என்று எல்லாவற்றையும் அப்படியே வெட்டினோம். ஒவ்வொரு முனையிலும் கண்ணி வளைத்தேன். மெல்லிய கம்பி என்பதால் சொன்னபடி கேட்டது. பழைய கம்பியின் மிச்சத் துண்டில் கொக்கி வளைக்கச் சொன்னாள் அக்கா. வளைந்த பிறகு அசையாமல் நிற்பதற்கு அந்தத் தடித்த கம்பிதான் சரி என்றாள். கொக்கியை மாட்டினால் வேலி, ஆடு வராது. கழற்றினால் வழி. எத்தனையோ மூட்டைப் பற்றி வாதாடியவர்கள் நாங்கள், திறந்து மூடுகிற மூட்டு ஒன்று வேண்டும் என்பது மட்டும் அதுவரைக்கும் யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது இருவரும் நனைந்திருந்தோம். காய்ச்சல் என்று ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு மாதிரிக் கேட்க வராது. அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"சொல்லி அனுப்புறதா? ஒனக்கு நா எப்ப புள்ள ஆள் விட்டுச் சொன்னேன்? செவுத்துப் பக்கம் படுத்து ரெண்டு நாளா ஒன்னக் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன். காய்ச்சல்ல லயத்துலதான் இருக்கோம்னு நெனச்சிட்டேன்."

கொக்கியைக் கழற்றினேன். எப்படியும் பீலிப் பக்கம்தான் போகிறோமே என்று குடத்தையும் இடுப்பில் எடுத்துக்கொண்டேன். அவளைப் படுக்க வைத்துக் கொத்தமல்லி கொதிக்க வைத்தேன். கஞ்சி காய்ச்சினேன். அவள் போர்வைக்குள்ளிருந்து, கங்காணி வீட்டுச் சம்பந்தம் முறிந்த கதையைக் கேட்டாயா என்று ஆரம்பித்தாள். அந்தக் கதை முடிய இன்னொரு கதை. ஆடு இரண்டும் வாசலில் வந்து நின்று பார்த்தன. எப்போது இருட்டியது என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தபோதுதான் பார்த்தேன், குடம் வெறும் குடமாகவே திரும்பி வந்திருந்தது.