பெண் பார்க்க வந்த ஆறு பேர்

கணக்கு டீச்சர்களுக்கென்று சில நோய்கள் உண்டு. சாக்பீஸ் தூசியால் வரும் இருமலைச் சொல்லவில்லை. எதையும் காரணம் எழுதாமல் விட முடியாத நோயைச் சொல்கிறேன். தேற்றத்தை நிரூபிக்கும்போது இடது பக்கம் படி, வலது பக்கம் காரணம். காரணம் எழுதாத பிள்ளைக்குப் பாதி மார்க்கைக் குறைத்துவிடுவேன். விடை சரியாகத்தானே இருக்கிறது மிஸ் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாலும் மனம் இரங்கியதில்லை. பம்மலில் ஒரு உதவிபெறும் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக இதே அட்டகாசம்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

கொரோனா வந்த முதல் வருஷம் பள்ளியைப் பூட்டினார்கள். அப்பாடா என்று உட்காருவதற்குள் எங்களைக் காய்ச்சல் கணக்கெடுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். நெற்றிக்கு நேராகப் பிடிக்க ஒரு துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர், விரலில் மாட்ட ஒரு ஆக்ஸிமீட்டர், கோடு போட்ட ஒரு நீள நோட்டு. தினமும் தெருத்தெருவாகப் போக வேண்டும். யாருக்காவது நோய் உறுதியானால், அவர்கள் கடந்த ஒரு வாரத்தில் யார் யாரைப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். பெயர், வயது, போன் நம்பர், முகவரி, வேறு நோய், தொடர்பு என்று ஆறு கட்டங்கள். சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போட்டால் அன்றைய வேலை முடிந்தது.

எங்கள் பகுதி சுகாதார மையத்து டாக்டர் சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே மாஸ்க் பதிந்த தழும்போடு முதல் நாள் எங்களிடம் பேசினாள். "தடுப்பூசி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது டீச்சர். இப்போதைக்கு நம்மகிட்ட இருக்கற ஒரே மருந்து இந்த நோட்டுதான். ஒழுங்கா எழுதினீங்கன்னா நாலு உசுரு பொழைக்கும். இதுல இருக்கற பேரு வெளியே போகாதுன்னு ஜனங்ககிட்ட தைரியமா சொல்லுங்க." நான் நம்பினேன். தைரியமாகவும் சொன்னேன்.

ஜனங்கள் அவ்வளவு சுலபமாக நம்பவில்லை. நோய் வந்த வீட்டு வாசலில், யாரும் வெளியே வரக் கூடாதென்று அப்போது தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தெருமுனையில் திரும்பியதுமே கதவுகள் சாத்திக்கொள்ளும். ஒரு அம்மா கேட்டுக்கு உள்ளே நின்றபடியே கத்தினாள். "இன்னா டீச்சர், எங்க வூட்டுக்குத் தகரம் அடிக்க ஆள் புடிச்சுகினு கீறீங்களா? இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல, போங்க." இருமலை அடக்கிக்கொண்டு அவள் சொன்னது எனக்குத் தெரியும். திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டுதான் நகர்ந்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. பி.டி.ஏ. கூட்டத்தில் என்னை ஏறிட்டுப் பார்க்காத ஆட்கள் எல்லாம் நோட்டைக் கண்டதும் லுங்கியை இறக்கிவிட்டு நின்றார்கள். அதிகாரம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

நானும் என் கணவரும் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அக்காவும் அவருடைய ஒரே மகளும். அக்காவின் கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. மகள் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்போது வீட்டிலிருந்தே வேலை. பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள் அவள். கைநிறையச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் என்னைக் கண்டால் மிஸ் என்று எழுந்து நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே கார் வந்து நின்றது. மேலே இருந்து எட்டிப் பார்த்தேன். மாஸ்க் போட்டுக்கொண்டு ஆறு பேர் இறங்கினார்கள். பூ, பழம். புரிந்துவிட்டது. கும்பல் சேரக் கூடாது என்று ஆர்டர் இருந்த நேரம். நோட்டைத் தூக்கிக்கொண்டு ஊரையெல்லாம் மிரட்டுகிற நான், சத்தமில்லாமல் உள்ளே வந்து டிவியைப் போட்டேன். அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஐந்து இடம் வந்து பஜ்ஜி தின்றுவிட்டு, போய்ச் சொல்கிறோம் என்று போயிருந்தார்கள். இதுவாவது அமையட்டும் என்றுதான் இருந்தது.

அவர்கள் போன பிறகு அவளே மாடிக்கு வந்து ஒரு தட்டில் கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தாள். முகத்தில் வெட்கம். பின்னாலேயே அக்கா படியேறி வந்தார். "புடிச்சிருக்குன்னு இங்கயே சொல்லிட்டாங்க டீச்சர். அனகாபுத்தூர்தான், பக்கம். பையனோட அப்பாக்குக் கிட்னி ப்ராப்ளம், வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். அவர் இருக்கறப்பவே முடிச்சுடணும்னு பார்க்கறாங்க." கேசரியில் நெய் மிதந்தது. நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை காலை முடிவு வந்தது, பாசிடிவ். எங்கள் தெரு என் கணக்கில் இருந்ததால் அந்த வீட்டுப் பட்டியலும் என் வேலைதான். அதே வாசல் என்பதால் அன்றிலிருந்து எனக்கும் பதினாலு நாள் தனிமை, ஆனால் பட்டியலை முடித்துக் கொடுத்துவிட்டு அடைந்துகொள்ளுங்கள் என்றார்கள். நான் நடுப்படியில் நின்றுகொண்டேன். அக்கா கீழே கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரும் வரல டீச்சர். நானும் பொண்ணும்தான்."

"ஞாயித்துக்கிழமை வந்தாங்களே அக்கா."

"யாரும் வரல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்.

"நான் கேசரி சாப்பிட்டேன் அக்கா" என்றேன்.

அவர் அழுதுவிட்டார். அழுகையோடு இருமலும் வந்தது. "உங்க காலைப் பிடிக்கறேன். அவங்க எல்லாரும் நல்லாதான் இருக்காங்க. நேத்துகூடப் பேசினேன், ஒருத்தருக்கும் தும்மல்கூட இல்ல. அவங்க வாசல்ல போய்த் தகரம் அடிச்சா இந்தச் சம்பந்தம் நிக்குமா? நோயைச் சுமந்துக்கிட்டு வர்ற பொண்ணுன்னு பேராயிடும். உங்ககிட்ட படிச்ச புள்ள டீச்சர் அவ. எழுதாதீங்க."

ஆம்புலன்ஸ் வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போனது. நான் அதே படியில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். டயாலிசிஸ் அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் மாமனாரோடு போயிருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் கட்டில்கள். நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்கும், ஒரு சளியைக்கூடத் தாங்காத உடம்புகள். அந்த மனிதர் நோயோடு அங்கே போனால் அது அவரோடு நிற்காது. ஆனாலும் கை வரவில்லை. எழுதாமல் இருந்துவிடத்தான் நான் பாதி மனதாக இருந்தேன்.

அப்போது கீழேயிருந்து அவள் குரல் வந்தது. "மிஸ், நம்பர் எழுதிக்கறீங்களா?"

கதவுக்கு இரண்டடி உள்ளே, மாஸ்க்கோடு, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "அவருக்கு நாளன்னைக்கு டயாலிசிஸ். அம்மாவை நான் சமாளிச்சுக்கறேன். எழுதுங்க." ஆறு பேரின் பெயரையும் வயதையும் நிதானமாகச் சொன்னாள். முடித்துவிட்டு, "இது வெளியே போகாதுல்ல மிஸ்?" என்று கேட்டாள்.

"போகாதும்மா. டாக்டரே சொல்லியிருக்காங்க."

மேலே வந்து அதையெல்லாம் அந்த நீள நோட்டில் திருத்தமாக எழுதினேன். பெயர், வயது, நம்பர், முகவரி, வேறு நோய். ஆறாவது கட்டம், தொடர்பு. அங்கே 'உறவினர்' என்று எழுதலாம், 'தெரிந்தவர்' என்று எழுதலாம், கோடு இழுத்தும் விடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். நான் ஆறு வரிக்கும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி போட்டு, 'பெண் பார்க்க வந்தவர்கள்' என்று எழுதினேன். எதிரே காரணம். கடைசி இரண்டு வரிகளில் என் கணவர் பெயரையும் என் பெயரையும் எழுதி, போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். ஒழுங்காக முடித்த திருப்தி இருந்தது என்றுகூடச் சொல்ல வேண்டும்.

அன்று மாலை எங்கள் கேட்டுக்குத் தகரம் வந்தது. மறுநாளே அனகாபுத்தூருக்கும் ஆட்கள் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காய்ச்சலே இல்லை, ஆனால் பாசிடிவ். டயாலிசிஸைத் தனி வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர் எனக்குப் போன் செய்தாள். "சரியான நேரத்துல பிடிச்சோம் டீச்சர். அந்த ரூம்ல பன்னெண்டு பேரு." அவர் பிழைத்தார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அவரால் எதுவும் ஆகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாராட்டுக்கு ஏங்காத டீச்சர் உண்டா?

மூன்றாம் நாள் என் கணவர் போனைக் கொண்டுவந்து நீட்டினார். எங்கள் காலனி குரூப்பில் என் நோட்டுப் பக்கம். பெயர்கள், நம்பர்கள், வியாதிகள், எல்லாம். நான் போட்ட அடைப்புக்குறியைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கீழே, "ஊரே அடங்கிக் கீது, இவுங்க பொண்ணு பாத்துகினு கீறாங்க." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். காய்கறிக்காரர் குரூப், என் பள்ளியின் பழைய மாணவர் குரூப் என்று ஒரே நாளில் சுற்றிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எங்களைக் கணக்கெடுப்புக்கு அனுப்பிய அதிகாரிக்குப் போன் செய்து கத்தினேன். "நம்ம கணக்கெடுப்பு குரூப்ல இருநூறு பேரு இருக்காங்க டீச்சர், யாருன்னு தேடறது? நாலு நாள்ல மறந்துடுவாங்க, விடுங்க" என்றார். டாக்டரிடம் கேட்டபோது அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். இந்த நோய் ஒரு வீட்டுக்குள் எப்படிப் பரவுகிறது என்று படிப்பதற்கு எங்கள் பட்டியல்கள் போகின்றனவாம். "அதுல பேரு, நம்பர் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் அனுப்பறோம் டீச்சர்" என்றாள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பெயர் இல்லாத தாள், பம்மலுக்குப் பெயரோடு தாள். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

கீழே அவள் தனியாக இருந்தாள். மாடியிலிருந்து கயிற்றில் பை கட்டிச் சோறு, பால் இறக்குவேன். எடுத்துக்கொள்வாள், நிமிர்ந்து பார்க்கமாட்டாள். சம்பந்தம் முறிந்த செய்தி, அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு போனில் யாரிடமோ சொல்லி அழுத சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஊர் சிரிக்கிற குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளையின் மாமா சொல்லியிருக்கிறார். அக்கா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. ஆறு மாதம் கழித்து நாங்கள் சேலையூருக்கு வீடு மாற்றிக்கொண்டோம். காலி பண்ணச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னால்தான் அந்தப் படியில் ஏறி இறங்க முடியவில்லை.

வீடு மாற்றுவதற்கு முன்னால், தகரத்தை எடுத்த அன்று காலை அவள் வாசலில் நின்றிருந்தாள். நானே இறங்கிப் போனேன். என்ன சொல்வது என்று பத்து நாளாக யோசித்து வைத்திருந்தேன். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார் இல்லையா, எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், போட்டோவைப் பரப்பியவன் வேறு யாரோ. எல்லாவற்றுக்கும் எதிரே காரணம் இருந்தது.

"பேரு எழுதினது தப்பில்ல மிஸ்" என்று அவளே ஆரம்பித்தாள். "நான்தானே சொன்னேன். அவங்க அப்பாக்கு டெஸ்ட் எடுத்த அன்னைக்கு மாப்பிள்ளையே எனக்கு தேங்க்ஸ்னு மெசேஜ்கூடப் போட்டார். வீட்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் கோவப்படலன்னார். அந்தப் போட்டோ வந்தப்புறம்தான் எல்லாம்."

நான் தலையாட்டினேன்.

"எதுக்கு வந்தாங்கன்னு எதுக்கு மிஸ் எழுதினீங்க?"

"அந்தக் கட்டத்துல கேட்டிருந்தாங்கம்மா" என்றேன். "காலியா விடக் கூடாதுன்னு…"

"உங்களுக்கும் அதே கட்டம்தானே இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் புரியவில்லை. மேலே வந்து போனில் அந்தப் போட்டோவைத் திறந்தேன். இத்தனை நாளாகச் சிவப்பு வட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த கண், அப்போதுதான் கீழே இறங்கியது. விரலால் பெரிதாக்கினேன். கடைசி வரி, என் பெயர். ஞாயிற்றுக்கிழமை கும்பல் கூடியது தெரிந்தும் டீச்சர் ஏன் சொல்லவில்லை என்று ஒருவரும் என்னைக் கேட்டுவிடக் கூடாத மாதிரி, பெண் பார்த்த அன்று வாங்கிச் சாப்பிட்ட தட்டைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லாமல், என் அழகான கையெழுத்தில், 'அண்டை வீடு'.

அப்படி எழுதவும் எனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.