பாவமன்னிப்புக் கூண்டில் பதினான்கு நிமிடம்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது கட்டிவிட்ட கதை இல்லை. பட்டப்பகலில் என் காதால் கேட்டது.

நான் தச்சன். போன மாதம் ஒரு பழைய தேவாலயத்தில் பாவமன்னிப்புக் கூண்டைச் சரிசெய்யக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து மரம், கரையான் தின்றது போக மிச்சம். நடுவே துளையிட்ட பலகை. ஒரு பக்கம் மண்டியிட்டுப் பாவத்தைச் சொல்வார்கள். மறுபக்கம் சாமியார் உட்கார்ந்து கேட்டு மன்னிப்புக் கொடுப்பார். ஆணி அடிக்க வசதி என்று நான் சாமியார் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். யார் கேட்கப்போகிறார்கள்?

மதியம் 3.10. அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பங்குச் சாமியார் சாப்பிடப் போயிருந்தார். அந்தப் பக்கம் யாரோ மண்டியிட்டார்கள். பலகை கிறீச்சிட்டது.

"ஃபாதர்... நானும் சாமியார்தான். கடல் தாண்டி வேதம் சொல்ல வந்தவன். என் பாவத்தை நானே மன்னிச்சுக்க முடியாதே. இன்னொரு சாமியாருக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்."

"ஐயா, நான் தச்சன்," என்றேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

"சண்டை நேரம். கோட்டைத் தளபதி என் நாட்டுக்காரன். 'ஊர்க்காரங்களை இங்க கூட்டிட்டு வாங்க, சுட மாட்டோம்'னான். சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். என்னை நம்பி இந்தக் கோயில் நிலவறைக்குள்ள இறங்கினாங்க. அறுபத்து மூணு பேர். வேற சாமி கும்பிடறவங்க. படைக்காரங்க பூட்டிட்டாங்க..."

அழுதார்.

3.19. எழுந்து கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. அதன் தாழ்ப்பாளைக் காலையில்தான் கழற்றியிருந்தேன்...

துளை வழியே பார்த்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. மண்டியிடும் பலகை மட்டும் ஈரம்.

"மன்னிச்சேன்னு சொல்லுங்க... ஒரே வார்த்தை..."

டொக்.

என் காலுக்கு அடியில்.

டொக்... டொக்...

"மன்னிச்சேன்! மன்னிச்சேன்!" கத்திவிட்டேன்.

அழுகை நின்றது.

தரைக்கு அடியிலிருந்து ஒரு குழந்தைக் குரல்.

"முழுசாச் சொல்லச் சொல்லுங்க..."

கதவு திறந்தது. 3.24.

பங்குச் சாமியார் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் வெளுத்தது. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். நிலவறை உண்மை. அறுபத்து மூன்று பேரும் உண்மை.

"ஆனா படைக்காரங்க பூட்டலைப்பா. பூட்டினது அந்தச் சாமியார். ஒருத்தராவது மதம் மாறுறேன்னு சொல்லட்டும்னு, சாவியை வச்சுக்கிட்டு இந்தக் கூண்டுல பதினோரு நாள் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கார்."

"யாராவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லலை."

நான் மன்னித்துத் தொலைத்துவிட்டேன். அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை.